புள்ளி எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்

என் வீட்டுக்காரர் முதல் புள்ளியை எடுத்த கையோடு எதிரே நின்ற ஆளிடம் மன்னிப்புக் கேட்டார்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு அரசு இலாகாவின் விளையாட்டுக் கொட்டகை அது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஈரச் செருப்பு வாடை. யாரோ முழங்காலில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாடை. நடுவில் ஒரு வலை. வலைக்கு மேலே வந்த பந்தைப் பார்த்து இவர் துள்ளி எழும்பினார். அந்தரத்தில் உடம்பை ஒரு திருப்புத் திருப்பி, காலால் ஒரே அடி. பந்து எதிர்ப்பக்கத் தரையில் போய் விழுந்தது. அங்கே நின்றவருக்கு அசையக்கூட நேரமில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போதுதான் இவர் வலது கையை உயர்த்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஆனாதெ, ஆனாதெ" என்றார்.

கைதட்டல் போய்ச் சிரிப்பு கிளம்பியது. பயிற்சியாளர் வாயிலிருந்த விசிலைக் கீழே விட்டார். சயா, அதாவது வாத்தியார், என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கட்டையான உருவம்.

"ஏன்யா, இங்கே யாருக்கு என்ன ஆச்சு? புள்ளி எடுத்திருக்கே. எதுக்கு ஆனாதெ?" என்று பர்மியில் கத்தினார்.

ஆனாதெ என்ற சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் இல்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்ற கூச்சம், சங்கடம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற கெஞ்சல் எல்லாம் அதில் உண்டு. நாங்கள் ரங்கூன் தமிழர்கள் அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டோம். "அவங்க வீட்டுல போய்ச் சாப்பிட எனக்கு ஆனாதெயா இருக்கு" என்போம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தங்கம், உன் புருசன் இங்கே வேலைக்கு வந்திருக்காரா, விருந்துக்கு வந்திருக்காரா?"

அண்ணனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. ஷ்வேப்யிதாவில் இவர் வேலை பார்த்த ஆலை, மின்சாரம் இல்லாமல் பாதி நாள் மூடிக்கிடந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். இவரும் கூட வேலை பார்த்த நாலு பேரும் மலேசியாவுக்குப் போகப் பெயர் கொடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டும் ஏஜெண்ட் கையில் இருந்தது. போனால் மூன்று வருடம், நாலு வருடம், யாருக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை.

இந்த இலாகாக் குழுவில் எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. காலையில் ஆடவேண்டும், மதியம் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. இவர் எங்கேயும் போகவேண்டாம். அந்த ஒரு மத்தியானம்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதில்தான் இந்த மனிதர் ஆனாதெ சொல்லிக்கொண்டிருந்தார்.

குதிகாலைப் பார்த்து

இவர் பெயர் ராஜமாணிக்கம். பர்மியருக்கு ரகரம் வராது, அதனால் கோ யாஸா. ஆண்களை மரியாதையாகக் கூப்பிட முன்னால் கோ போடுவார்கள், பெண்களுக்கு மா. இவர் ஆடிப் பழகியது சின்லோன். இங்கே ஆடிக் காட்ட வந்தது வேறு ஆட்டம். இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

சின்லோன் என்பது பிரம்பில் பின்னிய பந்து. ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே, காலாலும் முழங்காலாலும் அதைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நடுவில் வந்து வித்தை காட்டுவார், மற்றவர்கள் அவருக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பார்கள். எதிரணி கிடையாது, புள்ளி கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது.

"அப்புறம் எதுக்குடா ஆடுறானுங்க?" என்று என் அப்பா கேட்பார். அவர் ரயில்வேயில் இருந்தவர், கால்பந்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு உடற்பயிற்சி.

நான் அப்போது லத்தா பேட்டையில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை, அதன் பின்னால் கொஞ்சம் வெற்றிடம். சாயங்காலமானால் அங்கே வட்டம் கூடிவிடும். பிரம்புப் பந்து காலில் சரியாகப் பட்டால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் முதலில் நின்றேன்.

லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் ஒருவர் நின்றார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. போச்சு என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து தலைக்கு மேலாக முன்னால் வந்து மறு முழங்காலில் உட்கார்ந்தது. அவர் முகம் எனக்குப் பிடிப்பதற்கு முன்னால் குதிகால் பிடித்துப்போனது. இதை அவரிடம் சொன்னால் இன்றைக்கும் வெட்கப்படுவார்.

அடிக்கடி நின்று பார்த்ததில் இன்னொன்றும் கவனித்தேன். அந்த வட்டத்தில் ஒருவருக்கு வலது முழங்கால் சரியில்லை. இவர் அவருக்குக் கொடுக்கும்போது பந்து எப்போதும் இடது காலுக்கே போகும். அவசரக்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் உயரமாகப் போகும், நிதானிக்க நேரம் கிடைக்கட்டும் என்று. யார் யாருக்கு எந்தக் கால், எந்த உயரம் என்பதெல்லாம் இவர் உடம்பிலேயே இருந்தது.

அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்து கீழே விழுந்தால், விட்டவர் பேசாமல் இருப்பார். கொடுத்தவர்தான் கையை உயர்த்தி ஆனாதெ என்பார். எடுக்க முடியாதபடி கொடுத்தது தன் தப்பு என்று அர்த்தம்.

கொட்டகையில் இவர் அடித்த பந்து அடுத்தவர் காலடியில் விழுந்ததும் கை தானாக உயர்ந்தது அதனால்தான். பதினைந்து வருடப் பழக்கம் புள்ளியைப் பார்த்ததும் மாறிவிடுமா என்ன!

அமெரிக்காவிலிருந்து ஒரு கேள்வி

இந்தக் கதை இந்த வாரம் ஞாபகம் வந்ததற்குக் காரணம் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன். போனில் பேசும்போது அவன் ஆபீசில் நடக்கும் ஒரு சண்டையைச் சொன்னான். ரக்பி ஆடுகிறவன் அங்கே உள்ள அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆட முடியுமா, முடியாதா?

"எனக்கு ரெண்டும் தெரியாதேப்பா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சித்தி. முட்டை மாதிரி பந்து. எடுத்துக்கிட்டு ஓடணும், எதிராளி புடிச்சுத் தள்ளுவான்."

"ஒண்ணுதான்னா என்ன சண்டை?"

அப்புறம்தான் மெதுவாக வித்தியாசங்கள் வெளியே வந்தன. ரக்பியில் பந்தைக் கையால் பின்பக்கமாகத்தான் கொடுக்கலாம், இதில் முன்னால் வீசலாம். அதில் விழுந்தாலும் எழுந்து ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். இதில் நொடிக்கொரு தடவை நிறுத்தி, மறுபடி வரிசையில் நின்று தொடங்கவேண்டும். தலைக்கவசம் வேறு. பந்து கையில் இல்லாத ஆளையும் மறித்து நிற்கலாம், ரக்பியில் அது தப்பு.

எனக்குச் சட்டென்று எங்கள் வரிசை வீட்டில் பக்கத்து அறையில் இருந்த குத்துச்சண்டைக்காரர் நினைவுக்கு வந்தார். பர்மியச் சண்டையில் கை, கால், முழங்கை, தலை எல்லாவற்றாலும் தாக்கலாம். அவர் முட்டினால் எதிராளிக்கு மூக்கு இருக்காது என்பார்கள். கையுறை போட்டு ஆடும் வெளிநாட்டுக் குத்துச்சண்டையில் சேர்ந்தார். கையால் மட்டும் குத்தவேண்டும் என்று ஒரு மாதம் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் சண்டையில் நன்றாகத்தான் குத்தினார். எதிராளி கட்டிப்பிடித்ததும் அவருக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை, நெற்றியால் ஒன்று வைத்துவிட்டார். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கையிலே எனக்கு நல்ல கட்டுப்பாடு மா தங்கம். தலைக்கு யாரும் சொல்லித் தரல்லே" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

ஆக, ஓட்டமும் பலமும் ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாக வந்துவிடும். பழக்கமும் சொல்லாமல் கொள்ளாமல் கூடவே வந்துவிடுகிறது.

துணி உலர்த்தும் கயிறு

இவர் மாறவேண்டியிருந்தது வலை ஆட்டத்துக்கு. வெளிநாட்டில் செபாக் தக்ரா என்று பெயர். இதிலும் காலால்தான் ஆடவேண்டும், தலையும் படலாம். பந்து மட்டும் பிளாஸ்டிக். பக்கத்துக்கு மூன்று பேர். ஒருவர் பின்னால் நின்று காலாலேயே சர்வீஸ் போடுவார். முன்னால் ஒருவர் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பார். இன்னொருவர் அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து எதிர்ப்பக்கம் இறக்குவார்.

கியாக்தான் கோயில் திருவிழாவில் இவர் சின்லோன் ஆடியதைச் சயா பார்த்திருக்கிறார். அந்த உயரத்துக்கு எழும்புகிற ஆள் அடிப்பதற்கு நன்றாக இருப்பான் என்று நினைத்து, மூன்று வாரம் கழித்து வந்து ஆடிக் காட்டச் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் எங்கள் சந்துதான் மைதானம். துணி உலர்த்தும் கயிற்றை இழுத்துக் கட்டினேன். ஒரு பக்கம் இவர், மறுபக்கம் எதிரணியாக நான். முகத்தில் தனாக்கா மரப்பட்டை விழுதைப் பூசிக்கொண்டு, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பேன். எனக்குப் பந்து ஆடத் தெரியாது. எடுக்க முடியாத இடத்தில் அவர் போடவேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

பந்து வந்தது. பூ மாதிரி வந்து என் வலது பாதத்தின் மேல் உட்கார்ந்தது. நானே அசந்துபோய்த் திருப்பித் தட்டிவிட்டேன். அதுவும் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"பாத்தியா! நீ நல்லா ஆடுறே தங்கம்" என்று இவருக்குச் சந்தோஷம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "என்னங்க, நான் ஆடுறதுக்கா கட்டியிருக்கேன் இந்தக் கயிறு? என்னால எடுக்க முடியாத மாதிரி அடிங்க!"

"உன் மேலயா?"

"மேல படாட்டி பரவாயில்லே. தள்ளி அடிங்க. என்னைப் பெரியண்ணன்னு நெனச்சுக்கிட்டு அடிங்க!"

அதற்கு ஒரு நல்ல அடி விழுந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், அண்ணன் பெயரைச் சொன்னால் இவருக்கு நாலைந்து அடி சரியாக வரும். பிறகு மறுபடி கனிந்துவிடுவார். நான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு கண் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கே பந்தை அனுப்புவார்.

ஒருநாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டேன். "நீங்க மலேசியா போனா நான் யார்கூடங்க இருப்பேன்?" என்று கேட்டேன். அவர் பந்தை எடுத்துச் சுவரில் அடித்தார், இருட்டும்வரை அடித்துக்கொண்டே இருந்தார். சுவர் என்றால் அவரால் அடிக்க முடிந்தது.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து

கொட்டகையில் அந்த முதல் புள்ளியோடு சரி. அதன் பிறகு இவர் எடுத்தது ரொம்பக் கொஞ்சம்.

எழும்புவார். கொட்டகை முழுக்க ஆவென்று பார்க்கும். ஆனால் அந்தக் கால் பந்தைத் தொடுகிற கடைசி நொடியில் ஏதோ ஒரு மரியாதை வந்துவிடும். பந்து போய் எதிராளியின் காலுக்கு வாகாக இறங்கும். எதிர்ப்பக்கத்தில் அடிக்கிறவர் கோ தூரா என்று ஒல்லியான ஒருவர், அந்தக் குழுவிலேயே பெரிய ஆட்டக்காரர். இவர் அனுப்பியதை எல்லாம் அவர் அப்படியே வாங்கி, வட்டியும் முதலுமாகத் திருப்பி இறக்கினார். இவர் பக்கத்தில் ஆடிய இரண்டு பேரும் முறைக்கத் தொடங்கினார்கள்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. சயா கையிலிருந்த தாளைச் சுருட்டிக்கொண்டார். "நல்ல கால். நெஞ்சிலே கடுப்பு இல்லே. நீ போய்ச் சின்லோன் ஆடுப்பா" என்றார். கெட்ட மனிதர் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியண்ணன் எழுந்து குடையை எடுத்தார். "வா தங்கம். நாளைக்கு ஏஜெண்டைப் பாத்துப் பேசிருவோம். மாப்பிள்ளைகிட்டே ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காதே, மனசு ஒடிஞ்சிருப்பாரு."

நான் எழுந்திருக்கவில்லை. தோற்றதற்காக இவர் மேல் எனக்குக் கோபமில்லை. வேறு எப்படி ஆடியிருந்தாலும் அது நான் கட்டிக்கொண்ட ஆளாக இருந்திருக்காது. ஆனாலும் அந்த ஒரு மத்தியானம் மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

அப்போது கோ தூரா வலைக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நேராகச் சயாவிடம் போனார். நாங்கள் பத்தடி தூரத்தில்தான் இருந்தோம், எல்லாம் கேட்டது.

"சயா, இவரை எனக்குக் குடுங்க."

"அவனுக்கு அடிக்கத் தெரியலியே, பாத்தேயில்லே?"

"அடிக்க வேணாம். அடிக்கறதுக்கு நான் இருக்கேன்." பிறகு அவர் சொன்னது என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. "இன்னிக்கு எனக்கு வந்த நல்ல பந்து எல்லாமே வலைக்கு அந்தப் பக்கத்திலேருந்துதான் வந்துச்சு. என் பக்கத்து ஆளுங்க ஒருத்தரும் இப்படிக் குடுக்கல்லே. என் இடது கால் வாகுன்னு மூணாவது பந்திலேயே இவர் கண்டுபிடிச்சிட்டார், சயா. அப்புறம் ஒண்ணுகூட வலதுக்கு வரல்லே."

சயா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். சுருட்டிய தாளைப் பிரித்தார். விசிலை ஊதினார்.

மூன்றாவது ஆட்டத்தில் இவரும் கோ தூராவும் ஒரே பக்கம். இவர் செய்தது ஒன்றுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து எப்படிக் கோணல்மாணலாக வந்தாலும் பந்தைப் பாதத்தில் வாங்கினார், தணித்தார், வலையோரம் இடதுபக்கம் தூக்கி நிறுத்தினார். ஒருமுறை பந்து பின்னால் போய்விட்டது. திரும்பாமல் குதிகாலால் தட்டினார். அதுவும் போய்க் கோ தூராவின் இடது காலுக்கு முன்னால் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு வயதானவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கோ தூரா அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பந்து எதிரிகளின் காலடியில் விழுந்ததற்கெல்லாம் இனி இவர் பொறுப்பில்லையே! இவர் கையை உயர்த்தவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதினொன்றோ பன்னிரண்டோ புள்ளி ஆனதும் போதும் என்று சயா நிறுத்தினார். இவரைக் கூப்பிட்டு, அப்பா பெயர், வயது, விலாசம் எல்லாம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். இவர் கைகட்டியபடி பதில் சொன்னார். பிறகு எங்களிடம் வந்தார். உடம்பெல்லாம் வேர்வை, மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"திங்கக்கெழமை காலையிலே வரச் சொல்லிட்டாங்க" என்றார்.

அத்தனை ஆண்கள் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பெரியண்ணன் வேறு பக்கம் பார்த்தார். குடையை விரித்தார், மடக்கினார். "மாப்பிள்ளை, அந்த ஏஜெண்டுகிட்டே நானே போய்ப் பேசிப் பாஸ்போர்ட்டை வாங்கிட்டு வர்றேன். நீங்க போனா அவன்கிட்டயும் ஆனாதெ சொல்லிட்டு நிப்பீங்க" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார்.

அதன் பிறகு இவர் ஆறு வருடம் அந்தக் குழுவில் ஆடினார். பத்திரிகையில் படம் வந்தால் கோ தூரா அந்தரத்தில் தலைகீழாக இருப்பார். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தால் அது இவருடையது. நான் அந்த முழங்கைகளை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன்.

இவர் ஆடிக் காட்டிய அந்த மாதக் கடைசியில் ஆலைக் கூட்டாளிகள் நாலு பேரும் மலேசியாவுக்குப் புறப்பட்டார்கள். வழியனுப்ப நாங்களும் விமான நிலையம் போனோம். அவர்கள் உள்ளே போகிறவரைக்கும் பெண்டாட்டிகள் நாலு பேரும் தாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு கண்ணாடிச் சுவரில் கைகளை வைத்துக்கொண்டு அழுதார்கள். உள்ளேயிருந்து ஒருவர் திரும்பிக் கையசைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில் நின்றுகொண்டு, என் வீட்டுக்காரரும் கையசைத்தார்.